பெரிய ஸ்டாக் கையில் இருக்கும்போது

போக்கர் போட்டியில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் பப்பிள். இன்னும் நாலைந்து பேர் வெளியேறினால் மீதி எல்லோருக்கும் பரிசு உறுதி என்ற அந்த நேரத்தில், மேசையிலேயே பெரிய ஸ்டாக், அதாவது சிப்புக் குவியல், என் முன்னால் இருந்தால் அதைவிடச் சுகமான இருக்கை வேறு கிடையாது. மணிக்கணக்கில் பொறுமையாக உட்கார்ந்து சேர்த்த சிப்புகள் அப்போதுதான் உண்மையில் வேலை செய்யத் தொடங்குகின்றன. அந்த இருக்கையில் உட்காரும் பலர் அதை வீணடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. சிலர் சேர்த்ததைக் காப்பாற்றினால் போதும் என்று ஒடுங்கிவிடுகிறார்கள். வேறு சிலர், "நிறைய இருக்கிறதே, ஒன்று போனால் என்ன" என்று யார் ஆல்-இன் போனாலும், அதாவது இருக்கும் சிப்பு முழுவதையும் பந்தயமாக வைத்தாலும், அதற்கு ஈடாக வைத்துக் கால் செய்து, ஒரு மணி நேரத்துக்குள் சராசரி ஸ்டாக்குக்கு இறங்கிவிடுகிறார்கள்.

பெரிய ஸ்டாக் வைத்திருப்பவர் விரும்ப வேண்டியது, எதிராளி சீட்டைக் கவிழ்ப்பதை, அதாவது அந்த ஆட்டத்தை விட்டுக்கொடுப்பதை. இருவர் மோதிக்கொண்டால் அந்த மோதலின் லாபத்தில் ஒரு பங்கு, மேசையில் சும்மா உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்குப் போய்விடுகிறது. இது வெறும் அபிப்பிராயம் இல்லை, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

போட்டியில் ஒருவரிடம் உள்ள சிப்புகளைப் பரிசுப் பணமாக மதிப்பிட ஐசிஎம் என்ற முறை இருக்கிறது. குதிரைப் பந்தயத்தில் எந்தக் குதிரை இரண்டாவதாக வரும், எது மூன்றாவதாக வரும் என்று கணிக்க டேவிட் ஹார்வில் 1973-இல் கொடுத்த சூத்திரமும் இதுவும் ஒன்றே. மேசன் மால்முத் 1987-இல் போக்கர் போட்டிக்கு இதைக் கொண்டுவந்தார். அடிப்படை எளிது: ஒருவர் முதலிடம் பெறும் வாய்ப்பு, மொத்தச் சிப்புகளில் அவருடைய பங்குக்குச் சமம். முதலிடம் பெற்றவரை நீக்கிவிட்டு, மீதிப் பேரிடையே அதே கணக்கைப் போட்டால் இரண்டாமிட வாய்ப்பு கிடைக்கும். இப்படியே கீழே இறங்கிக்கொண்டு போகலாம்.

நான்கு பேர் மீதி இருக்கிறார்கள், மூவருக்குத்தான் பரிசு என்று வைத்துக்கொள்வோம். பரிசுத் தொகை 50, 30, 20 சதவீதமாகப் பிரிகிறது. ஸ்டாக்குகள்: எனக்கு 5,000, இரண்டாமவருக்கு 2,500, மூன்றாமவருக்கு 1,500, நான்காமவருக்கு 1,000. சிப்புகளில் சரிபாதி என்னிடம் இருக்கிறது. ஆனால் ஐசிஎம் கணக்கில் என் பங்கு மொத்தப் பரிசில் 37.3 சதவீதம்தான். கால்பங்குச் சிப்பு வைத்திருக்கும் இரண்டாமவரின் பங்கோ 27.7 சதவீதம்.

இப்போது நான் ஆல்-இன் போகிறேன், இரண்டாமவர் யோசிக்கிறார். கால் செய்து தோற்றால் அவர் நான்காமிடத்தில் வெளியேறுவார், 27.7 பூஜ்யமாகிவிடும். ஜெயித்தால் அவர் ஸ்டாக் 5,000 ஆகும், மதிப்பு 37.3 ஆகும். அதாவது 9.5 கிடைப்பதற்காக 27.7-ஐப் பணயம் வைக்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் இருவர் முன்கூட்டியே கட்டாயமாக வைக்கும் பிளைண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், அவர் ஜெயிக்கும் வாய்ப்பு 74 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் அந்த கால் நியாயம். நான் சீட்டையே பார்க்காமல் மொத்தச் சிப்பையும் தள்ளுகிறேன் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தாலும் அவரால் இரண்டு பத்துகள் சேர்ந்த ஜோடி, அதைவிடப் பெரிய ஜோடிகள் ஆகியவற்றோடு மட்டுமே கால் செய்ய முடியும். இரண்டு ஒன்பதுகள் சேர்ந்த ஜோடிக்கு எதேச்சையான சீட்டுகளுக்கு எதிராக 72 சதவீத வாய்ப்பு, ஒரே சின்னத்து ஏஸ்-கிங்குக்கு 67 சதவீதம். இரண்டையும் கவிழ்க்க வேண்டியதுதான். ஏஸ்-கிங்கைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவர் எதை வைத்தும் தள்ளுவார் என்று தெரிந்தும், கவிழ்ப்பதே சரி என்று ஆகிவிடுகிற ஆட்டம் இது. முதன்முதலில் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டு முடித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் குறையவில்லை.

கணக்கின் மறுபக்கத்தைப் பலர் பார்ப்பதில்லை. அவர் கால் செய்துவிட்டால் எனக்கு என்ன ஆகும்? ஜெயித்தால் என் மதிப்பு 37.3-லிருந்து 44.7-க்கு ஏறும். தோற்றால் 27.7-க்கு விழும். ஏற்றம் 7.4, இறக்கம் 9.5. ஆக, அந்த மோதலில் எனக்கே 56 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருந்தால்தான் கட்டுப்படியாகும். சரிசமமான மோதல் என்றால் இருவருக்கும் நஷ்டம். அந்தப் பணம் மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் போய்ச் சேருகிறது. அவர்கள் ஒரு சிப்பைக்கூடத் தொடவில்லை. பெரிய ஸ்டாக்காரர் கால் வாங்குவதற்காகத் தள்ளக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

மேசையில் இது எப்படி நடக்கிறது என்பதற்கு என் ஆட்டம் ஒன்றைச் சொல்கிறேன். பரிசுக்கு இன்னும் இருவர் வெளியேற வேண்டும். பிளைண்ட் 1,000/2,000, பெரிய பிளைண்ட் போடுபவரே ஆன்டி என்ற இன்னொரு கட்டாயத் தொகையாக 2,000-மும் போட வேண்டும். என்னிடம் 1,80,000. என் இடப்பக்கம் சிறிய பிளைண்டில் 52,000, அவரை அடுத்துப் பெரிய பிளைண்டில் 60,000. இதே மேசையில் 8,000, 11,000 என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருவர் இருக்கிறார்கள். எல்லோரும் கவிழ்த்து, பட்டனில், அதாவது பிளைண்டுகளுக்கு முந்தைய இருக்கையில், இருக்கும் என்னிடம் முறை வந்தது. ஸ்பேட் ஒன்பதும் ஸ்பேட் ஆறும் என் கையில். பந்தயத்தை உயர்த்தி 4,200-க்கு ரெய்ஸ் செய்தேன்.

அந்த 4,200 யோசித்து வைத்த தொகை. நடுவில் ஏற்கெனவே 5,000 கிடக்கிறது. 4,200 வைத்து 5,000-க்கு ஆசைப்படும்போது, நூற்றுக்கு 46 முறை இருவரும் கவிழ்த்தாலே முதலுக்கு மோசம் வராது. பப்பிளில் அந்த அளவு ஸ்டாக் வைத்திருப்பவர்கள் அதைவிட அடிக்கடி கவிழ்க்கிறார்கள். ரெய்ஸை 6,000, 7,000 என்று ஏற்றுவதால் கூடுதலாக யாரும் பயந்துவிடப் போவதில்லை. எதிராளி திரும்ப ரெய்ஸ் செய்தால் விட்டுவிட வேண்டிய தொகைதான் பெரிதாகும்.

சிறிய பிளைண்ட் கவிழ்த்தார், பெரிய பிளைண்ட் கால் செய்தார். நடுவில் 11,400. பிளாப், அதாவது எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டுகள்: ஹார்ட் கிங், ஸ்பேட் எட்டு, டைமண்ட் மூன்று. அவர் பந்தயம் எதுவும் வைக்காமல் செக் செய்தார். நான் 3,500 வைத்தேன். அவர் அதிகம் யோசிக்காமல் கால் செய்தார். நான்காவது பொதுச் சீட்டான டர்னில் ஸ்பேட் ஏழு விழுந்தது. என் கையில் இதுவரை ஒரு ஜோடிகூட இல்லை. ஆனால் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது வரிசையாக, நான்கும் ஸ்பேட்; இன்னொரு ஸ்பேடோ, வரிசையை நீட்டும் ஐந்தோ பத்தோ வந்தால் ஜெயிக்கும் கை. அவர் மறுபடி செக். அப்போது நடுவில் 18,400, அவரிடம் மீதி 50,300.

நான் 15,000 வைத்தேன். மொத்தத்தையும் தள்ளவில்லை. அவர் இந்த 15,000-க்குக் கால் செய்தால் மீதி 35,300 இருக்கும், நடுவில் 48,400 சேர்ந்திருக்கும். கடைசிச் சீட்டான ரிவரில் இன்னொரு பந்தயம் வரும், அது அவருடைய போட்டியையே கேட்கும். அது அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். இந்த ஆட்டத்தில் நான் தோற்றாலும் என்னிடம் 1,22,000 மிஞ்சும். அவர் தோற்றால், 8,000 சிப்பு வைத்திருப்பவர் பரிசு வாங்கும்போது அவர் வெறுங்கையோடு வெளியே நிற்பார்.

அவர் சிப்புகளை இரண்டு அடுக்காகப் பிரித்தார், மீண்டும் ஒன்றாக்கினார். 8,000 வைத்திருந்தவரின் பக்கம் ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்கு விடை தெரிந்துவிட்டது. "ஒவ்வொரு ஆட்டத்திலும் உங்களுக்கே சீட்டு வருமா, தம்பி?" என்று கேட்டுக்கொண்டே கிங்கையும் பத்தையும் திறந்து காட்டிவிட்டுக் கவிழ்த்துவிட்டார். இரண்டுமே கிளப். அந்த நேரத்தில் என்னைக் காப்பாற்றக்கூடிய சீட்டுகள், மீதி 44-இல் 14. ஏறத்தாழ 32 சதவீதம். அவர் முன்னிலையில் இருந்தார். ஆனாலும் அவர் கவிழ்த்ததை நான் தவறென்று சொல்ல மாட்டேன். அவர் இருந்த நிலையில் அது கௌரவமான முடிவு. நான் என் சீட்டைக் காட்டவில்லை.

யாரைக் குறிவைப்பது என்பதும் அந்த ஆட்டத்திலேயே அடங்கியிருக்கிறது. பப்பிளில் அதிகம் இழக்கக்கூடியவர் நடுத்தர ஸ்டாக்காரர். இருபதிலிருந்து நாற்பது பிளைண்ட் வரை (அதாவது பெரிய பிளைண்டின் அத்தனை மடங்கு) வைத்திருப்பவர், காத்திருந்தாலே பரிசுக்குள் போய்விடுவார். அதனாலேயே அவர் முரண்டு பிடிக்க மாட்டார். சீட்டு வருவதற்கு முன்பே என் இடப்பக்கத்து இருவர் மூவரின் ஸ்டாக்கை எண்ணிவிடுவது என் வழக்கம். மதிப்பு அதிகமான சிப்புகளை முன்னால் தெரியும்படி வைக்க வேண்டும் என்பது போட்டி விதி. யாராவது பின்னால் மறைத்து வைத்திருந்தால் தயங்காமல் டீலரிடம் கேட்டுவிடுவேன். எனக்குப் பின் ஆட வேண்டியவர்களின் ஸ்டாக் தெரியாமல் ரெய்ஸ் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு சாலையைக் கடப்பதற்குச் சமம்.

இதில் ஒரு கூர்மையான விதிவிலக்கு, பதினைந்திலிருந்து இருபது பிளைண்ட் வரை வைத்திருக்கும் துணிச்சல்காரர். என் ரெய்ஸுக்கு மேல் மொத்தத்தையும் தள்ளுவதற்கு அதுதான் வாகான அளவு. நான் நிறைய ஆட்டங்களில் ரெய்ஸ் செய்கிறேன் என்பதை அவர் கவனித்திருப்பார். அப்படி ஒருவர் எனக்குப் பின்னால் இருந்தால், ஒன்பது-ஆறு போன்ற சீட்டுகளைச் சத்தமில்லாமல் கவிழ்த்துவிடுவேன். அவர் தள்ளினாலும் கால் செய்யத்தக்க சீட்டுகளோடுதான் ரெய்ஸ் செய்வேன்.

சிறிய ஸ்டாக்காரர்கள் விஷயத்தில், அவர்களை வெளியேற்றுவது பெரிய ஸ்டாக்காரரின் கடமை என்று ஒரு நம்பிக்கை மேசைகளில் உலவுகிறது. அப்படியொரு கடமை கிடையாது, இருப்பது விலை மட்டும்தான். நான் பெரிய பிளைண்டில் இருக்கிறேன், ஒருவர் 8,000-க்குத் தள்ளுகிறார் என்றால், நான் மேலும் 6,000 போட்டு 13,000-ஐ ஜெயிக்கப் பார்க்கிறேன். 32 சதவீத வாய்ப்பு போதும். பெரும்பாலான சீட்டுகளுக்கு அது இருக்கிறது, கால் செய்துவிடலாம். அதே ஆள் 28,000-க்குத் தள்ளினால், கிங்-ஏழை வைத்துக்கொண்டு "வெளியே அனுப்பிவிடுகிறேன்" என்று பாய்வது சிப்பைத் தானம் செய்வதுதான். இப்படி இரண்டு முறை தோற்றால் மேசையில் என் ஆதிக்கம் முடிந்துவிடும். பதினான்கு பிளைண்ட் வைத்திருந்தவர் முப்பது பிளைண்டோடு எழுந்து நிற்பார். அது மட்டுமல்லாமல், சிறிய ஸ்டாக்காரர் உயிரோடு இருக்கும்வரைதான் நடுத்தர ஸ்டாக்காரருக்குப் பயம் இருக்கும். பப்பிள் நீள்வது எனக்கு நல்லது. அதற்காகச் சரியான விலையில் வரும் கால்-ஐ விடுவதில்லை, மோசமான விலையில் அவசரப்படுவதும் இல்லை.

ஒரு சிறிய ஸ்டாக்காரர் ஆல்-இன்னில் இருக்க, நானும் இன்னொருவரும் அதே ஆட்டத்தில் இருந்தால், இருவரும் கடைசிவரை செக் செய்துகொண்டு போவது இயல்பாக நடப்பதுண்டு. அதை வாய்விட்டுப் பேசி ஒப்பந்தம் செய்வது விதிமீறல். புதிதாக ஆட வருபவர்கள் இந்த எல்லையைத் தெரிந்துகொண்டே உட்கார வேண்டும்.

மேசையில் இன்னொரு பெரிய ஸ்டாக் இருந்தால் என் போக்கே மாறிவிடும். என்னை மொத்தமாக வெளியேற்றக்கூடியவர் அவர் ஒருவர்தான், அவருக்கும் அதே நிலைதான். இரண்டு ஆளுமைகள் மோதிக்கொள்ளும் இந்த இடத்தில்தான் நல்ல ஸ்டாக்குகள் அதிகம் நொறுங்குகின்றன. பப்பிளில் அப்படிப்பட்ட ஒருவர் முதலில் ஆட வேண்டிய இருக்கையிலிருந்து ரெய்ஸ் செய்ய, நான் ஏஸ்-குயினைக் கவிழ்த்திருக்கிறேன். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்திருந்தால் கோழை என்று நினைத்திருப்பார். எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை. அவரோடு பெரிய பாட் (நடுவில் சேரும் பந்தயத் தொகை) விளையாட எனக்கு மிக நல்ல சீட்டு வேண்டும். சிறு பாட்டுகளை எடுக்க ஆறேழு நடுத்தர ஸ்டாக்குகள் சுற்றி இருக்கும்போது, அவசரம் என்ன?

பப்பிள் உடைந்த நொடியில் எல்லாம் தலைகீழாகிறது. பரிசு உறுதியானதும், அதுவரை காத்திருந்தவர்கள் சிப்பைத் தள்ள ஆரம்பிக்கிறார்கள். ஐந்து நிமிடத்துக்கு முன் வேலை செய்த அதே ரெய்ஸ் இப்போது ஆல்-இன்னைச் சந்திக்கிறது. இந்த நேரத்தில் கையை இறுக்கிக்கொள்ள வேண்டும். வேகத்தைக் குறைக்கத் தெரியாதவர்கள் அரை மணி நேரத்தில் சேர்த்ததைக் கால் மணி நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். மேசை கலைந்து வேறு மேசைக்குப் போக நேர்ந்தாலும் இப்படித்தான். புதிய மேசையில் யாருக்கும் என்னைப் பற்றித் தெரியாது, எனக்கும் அவர்களைத் தெரியாது. ஒரு சுற்று முழுவதும் கவனித்துவிட்டே ஆரம்பிப்பேன்.

கடைசியாக மிஞ்சியவர்கள் உட்காரும் ஃபைனல் டேபிளில் அழுத்தம் மீண்டும் வரும், ஏனென்றால் ஒவ்வொரு இடத்துக்கும் பரிசு ஏறுகிறது. அங்கும் பெரிய ஸ்டாக் உத்தரவாதம் இல்லை. போக்கர் உலகத் தொடரின் மெயின் ஈவென்ட் 2006-இல் 8,773 பேரோடு நடந்தது. ஜேமி கோல்டு முதலிடத்தோடு ஃபைனல் டேபிளுக்கு வந்து, அந்த முன்னிலையை விடாமல் 1.2 கோடி டாலர் வென்றார். 2019-இல் ஹொசைன் என்சன் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான சிப்புகளோடு ஃபைனல் டேபிளில் உட்கார்ந்து ஜெயித்தார். ஆனால் 2009-இல் டார்வின் மூன் 5.89 கோடி சிப்புகளோடு, அதாவது மொத்தத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தோடு வந்தும் இரண்டாமிடம்தான் பெற்றார். அவரை வென்ற ஜோ காடாவுக்கு அப்போது வயது 21. அதே ஃபைனல் டேபிளில் ஒரு கட்டத்தில் மிகச் சிறிய ஸ்டாக்காகச் சுருங்கிப்போய் மீண்டு வந்தவர் அவர். 1982-இல் ஜாக் ஸ்ட்ராஸ் ஒரே ஒரு 500 சிப்போடு மிஞ்சி நின்று, அங்கிருந்து எழுந்து பட்டத்தையே வென்றார். முன்னிலையில் இருக்கும்போதெல்லாம் இந்தப் பெயர்களை நினைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும்.

பெரிய போட்டிக்கான நுழைவு டிக்கெட்டையே பரிசாகத் தரும் சாட்டிலைட் போட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே பரிசு பத்து டிக்கெட் என்றால் பத்துப் பேருக்கும் ஒரே டிக்கெட்தான். முதலில் இருப்பவருக்குக் கூடுதலாக எதுவும் கிடையாது. பதினொரு பேர் மீதி இருக்கும்போது எனக்குப் பெரிய ஸ்டாக் இருந்து, இன்னொரு பெரிய ஸ்டாக்காரர் ஆல்-இன் போனால், ஏஸ் ஜோடியையே கவிழ்ப்பேன். ஜெயித்தால் கிடைப்பது ஏற்கெனவே கையில் இருக்கும் அதே டிக்கெட். தோற்றால் அது போய்விடும். சாதாரணப் போட்டியில் ஊறியவர்களுக்கு இதை ஏற்றுக்கொள்வது கடினம், ஆனாலும் கணக்கு மாறாது.

கடைசியாக இருவர் மட்டும் மிஞ்சும்போது நான் இதுவரை சொன்ன அழுத்தம் முழுவதும் ஆவியாகிவிடுகிறது. இரண்டாமிடப் பரிசு இருவருக்குமே உறுதி. மீதி இருப்பது முதல் பரிசுக்கும் இரண்டாம் பரிசுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. அதை இருவரும் சிப்பின் விகிதத்திலேயே பங்கு போட்டுக்கொள்கிறார்கள். கால் செய்ய 74 சதவீதம் வேண்டும் என்ற நிலை போய், பழையபடி பாட்டின் விலை மட்டுமே மிஞ்சுகிறது. எதிரில் இருப்பவரிடம் 25 பிளைண்ட் இருந்தால், என்னிடம் நூறு இருந்தாலும் அந்த ஆட்டம் 25 பிளைண்ட் ஆட்டம்தான். அங்கே ஒன்பது-ஆறை வைத்து டர்னில் 15,000 வைத்தால், கிங்-பத்து வைத்திருப்பவர் கவிழ்க்க மாட்டார். கவிழ்க்கவும் கூடாது.